பிளெண்டரா, மாயாவா, 3டிஎஸ் மேக்ஸா..? 3டி சாஃப்ட்வேரை தேர்வு செய்வது எப்படி? - முழு விளக்கம்

2025 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழா. சிறந்த அனிமேஷன் படத்துக்கான போட்டியில் பிக்ஸாரின் 'இன்சைட் அவுட் 2', ட்ரீம்வொர்க்ஸின் 'தி வைல்ட் ரோபோ' என பெரிய நிறுவனங்களின் படங்கள் வரிசைகட்டி நின்றன. ஆனால் விருதைத் தட்டிச் சென்றது, லாட்வியா என்ற சின்ன நாட்டில் இருந்து வந்த 'ஃப்ளோ'. ஒரு பூனை, ஒரு படகு, சுற்றிலும் வெள்ளம். படத்தில் ஒரு வசனம்கூட கிடையாது.

இதில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. அந்தப் படம் உருவானது பிளெண்டர் என்ற சாஃப்ட்வேரில். அதை யார் வேண்டுமானாலும் பைசா செலவில்லாமல் டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

'அப்போ எல்லோரும் பிளெண்டரையே கத்துக்கிட்டா போதுமே, மத்ததுக்கு எதுக்கு காசு கட்டணும்?' என்ற கேள்வி வருவது இயல்பு. ஆனால் கட்டப்போகும் வீட்டை 3டியில் காட்ட நினைக்கும் இன்ஜினியர், அனிமேஷன் கோர்ஸில் சேரப்போகும் மாணவர், 3டி பிரிண்டர் வாங்கிய பட்டறைக்காரர் ஆகிய மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. தவறான இடத்தில் இறங்கினால் போவது பணம் மட்டுமல்ல. ஓரிரு வருட உழைப்பும், சேர்த்துவைத்த ஃபைல்களும் சேர்ந்தே போகும்.

எந்த வேலைக்கு எது சரி? பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மாடலிங் வேறு, ரெண்டரிங் வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாற்காலியை கம்ப்யூட்டருக்குள் வடிவமாக உருவாக்குவது மாடலிங். அதன் நீளம், உயரம், வளைவு எல்லாம் இங்கேதான் தீர்மானமாகும். அந்த நாற்காலி மரமா, பிளாஸ்டிக்கா, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டு, கடைசியாக ஒரு போட்டோ போல படமாக்கித் தருவது ரெண்டரிங்.

பல சாஃப்ட்வேர்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆனால் மாடலிங்கை ஒன்றில் செய்துவிட்டு, ரெண்டரிங்கை தனி சாஃப்ட்வேரில் செய்பவர்களும் ஏராளம். எனவே 'எது பெஸ்ட்?' என்ற ஒற்றைக் கேள்வி உண்மையில் இரண்டு கேள்விகள்.

என்ன வேலைக்கு எது?

சினிமா, கார்ட்டூன் அனிமேஷன்: பெரிய ஸ்டூடியோக்களில் ஆதிக்கம் செலுத்துவது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மாயா. 1998-ல் வெளியான இது, கதாபாத்திரங்களுக்கு எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்தி அசைய வைப்பதில் பெயர் பெற்றது. இந்த வேலையை ரிக்கிங் என்பார்கள். ஆர்னால்டு என்ற ரெண்டரர் இதனுடனேயே வருகிறது. பெரிய ஸ்டூடியோவில் வேலைக்குச் சேருவதுதான் லட்சியம் என்றால், மாயா தெரிந்திருப்பது கை கொடுக்கும்.

வீடு, கட்டட வடிவமைப்பு: சீக்கிரம் கற்றுக்கொள்ள ஸ்கெட்ச்அப். தரையில் ஒரு சதுரம் வரைந்து, அதைப் பிடித்து மேலே இழுத்தால் அறை ரெடி. 2000-ல் வெளியான இதை 2006-ல் கூகுள் வாங்கியது. 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. அச்சு அசலாக போட்டோ போன்ற படம் வேண்டும் என்பவர்கள், 3டிஎஸ் மேக்ஸ் சாஃப்ட்வேருடன் வி-ரே அல்லது கொரோனா ரெண்டரரைச் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். வி-ரே, பல்கேரியாவில் தொடங்கப்பட்ட கேயாஸ் நிறுவனத்தின் தயாரிப்பு.

டிவி கிராபிக்ஸ், விளம்பரம்: சுழலும் லோகோ, பறந்துவரும் எழுத்து போன்றவற்றுக்கு ஜெர்மனியின் மேக்ஸான் நிறுவனம் தயாரிக்கும் சினிமா 4டி பிரபலம். ஒரு பொருளை நூறு பிரதி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் அசைய வைக்கும் கருவிகள் இதன் பலம்.

வெடிப்பு, வெள்ளம், புகை: இங்கே ஹூடினிதான் ராஜா. கனடாவின் சைட்எஃப்எக்ஸ் நிறுவனத் தயாரிப்பு. ஒவ்வொரு செயலையும் ஒரு பெட்டியாக வைத்து, பெட்டிகளைக் கோத்து வேலை செய்யும் முறை. பின்னாடி போய் ஒரு எண்ணை மாற்றினால், முன்னாடி உள்ள எல்லாமே மாறும். சக்தி அதிகம். கற்றுக்கொள்ள பொறுமையும் அதிகம் வேண்டும்.

சிலை, முகம், மிருகம்: களிமண்ணைப் பிசைவது போல வடிவம் செய்ய ஸீபிரஷ். தோல் சுருக்கம், செதில் போன்ற நுணுக்கங்களுக்குப் பேர் போனது. இதுவும் இப்போது மேக்ஸான் வசம்தான் இருக்கிறது.

இயந்திர பாகம், பட்டறை வேலை: இது தனி உலகம். கொஞ்சம் விளக்கமாகவே பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு அழகு, கைக்கு அளவு

பிளெண்டர், மாயா, 3டிஎஸ் மேக்ஸ் போன்றவை மெஷ் முறையில் இயங்குபவை. அதாவது எந்த வடிவமும் சின்னச் சின்ன தட்டையான துண்டுகளால் ஆன வலைதான். ஒரு வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது பல நேர்கோடுகளால் ஆனது என்பது தெரியும். படத்துக்கு அது போதும்.

ஆனால் ஒரு போல்ட் துளை 8 மில்லிமீட்டர் என்றால் 8 மில்லிமீட்டராகவே இருக்க வேண்டும். நாளைக்கு 'அதை 10 ஆக்கு' என்று வாடிக்கையாளர் சொன்னால், எண்ணை மட்டும் மாற்றி மொத்த பாகமும் தானாகச் சரியாக வேண்டும். இதற்கென்றே உள்ளவை கேட் சாஃப்ட்வேர்கள். சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன் போன்றவை இந்த ரகம். இலவசமாக வேண்டும் என்றால் ஃப்ரீகேட் இருக்கிறது. பல ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, 2024 நவம்பரில்தான் அதன் 1.0 பதிப்பு வந்தது.

லேத், சிஎன்சி இயந்திரத்துக்குப் போகும் பாகத்தை பிளெண்டரில் வரைந்து மாட்டிக்கொள்வதும், கார்ட்டூன் முகத்தை சாலிட்வொர்க்ஸில் செய்ய முயன்று நொந்து போவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். பார்க்க மட்டும் என்றால் மெஷ், அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்றால் கேட். இதை மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

3டி பிரிண்டிங்குக்கு இரண்டுமே பயன்படும். பொம்மை, சிலை என்றால் மெஷ் போதும். மிக்ஸி மூடி, கியர் சக்கரம் என ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டிய பாகம் என்றால் கேட்தான் சரி.

பிளெண்டர் மட்டும் எப்படி இலவசம்?

இதன் பின்னால் சுவாரஸ்யமான கதை இருக்கிறது. நெதர்லாந்தில் டான் ரோசன்டால் என்பவர், தனது அனிமேஷன் ஸ்டூடியோவின் சொந்தப் பயன்பாட்டுக்காக 1990-களின் மத்தியில் எழுதத் தொடங்கிய சாஃப்ட்வேர்தான் பிளெண்டர். அதை விற்பனை செய்ய ஆரம்பித்த நிறுவனம் 2002-ல் மூடப்பட்டது.

அப்போது ஒரு பேரம் பேசப்பட்டது. 1 லட்சம் யூரோ கொடுத்தால், சாஃப்ட்வேரின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட முதலீட்டாளர்கள் சம்மதித்தார்கள். ரோசன்டால் இணையத்தில் கையேந்தினார். உலகம் முழுக்க இருந்த பயனர்கள் பணம் போட, ஏழே வாரங்களில் தொகை சேர்ந்தது. 2002 அக்டோபர் 13-ம் தேதி பிளெண்டர் திறந்த மூல சாஃப்ட்வேராக வெளியானது. இன்று பிளெண்டர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. செலவு நன்கொடைகளில் ஓடுகிறது.

இதை வைத்து சம்பாதிக்கவும் தடை இல்லை. செய்த படம் செய்தவருக்கே சொந்தம்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. மாயாவைச் சுற்றியே பல ஆண்டுகளாக வேலை அமைப்பை உருவாக்கி வைத்திருக்கும் ஸ்டூடியோ, ஒருவருக்காக அதை மாற்றாது. பெரிய அளவிலான வெள்ளம், வெடிப்பு காட்சிகளில் ஹூடினியின் கட்டுப்பாடு பிளெண்டரில் கிடைக்காது. துல்லிய அளவு வேலைக்கு அது கேட் சாஃப்ட்வேருக்கு மாற்றும் அல்ல.

ரெண்டரிங்: நேரமே காசு

புதிதாக வருபவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

30 நொடி விளம்பரம். நொடிக்கு 24 படம் என்றால் மொத்தம் 720 படங்கள். ஒரு படம் ரெண்டர் ஆக 10 நிமிடம் எடுத்தால், மொத்தம் 7,200 நிமிடம். அதாவது 120 மணி நேரம். கம்ப்யூட்டர் இரவு பகலாக 5 நாள் ஓட வேண்டும். 'நாற்காலியோட கலரை மட்டும் மாத்துங்க' என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் மறுபடியும் 5 நாள்!

அதே படம் 5 நொடியில் ரெண்டர் ஆனால்? 720 படங்களும் ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ரெண்டரிங்கில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒளிக்கதிர் எங்கெல்லாம் பட்டுத் தெறிக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து கணக்கிடுவது. இதற்கு பாத் ட்ரேசிங் என்று பெயர். ஆர்னால்டு, வி-ரே, கொரோனா, பிளெண்டரின் சைக்கிள்ஸ் எல்லாம் இந்த வழியில் போட்டோ போன்ற தரத்தைத் தருபவை. தரம் அருமை, நேரம் அதிகம்.

இன்னொன்று, வீடியோ கேம்களில் உள்ளதைப் போல குறுக்குவழிகளைப் பயன்படுத்தி உடனுக்குடன் படம் தருவது. அன்ரியல் என்ஜின், ட்வின்மோஷன், லூமியான், பிளெண்டரின் ஈவீ ஆகியவை இந்த வகை. கண்ணாடி, தண்ணீர், நுணுக்கமான நிழல் போன்றவற்றில் கொஞ்சம் சமரசம் இருக்கும். ஆனால் வேகம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

'ஃப்ளோ' இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பாலோடிஸ் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது வழியைத்தான். ஈவீயில் ஒரு ஃபிரேமுக்கு அரை நொடி முதல் 10 நொடி வரைதான் ஆனது. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் கொண்ட ரெண்டர் ஃபார்ம் எதுவும் இல்லை. இறுதிப் படங்கள் அவருடைய சொந்த கம்ப்யூட்டரிலேயே ரெண்டர் ஆகின. நிஜம் போலவே தெரிய வேண்டும் என்று மெனக்கெடாமல், ஓவியம் போன்ற தோற்றத்தை அவர் தேர்ந்தெடுத்ததால் இது சாத்தியமானது.

அதாவது அவர் சாஃப்ட்வேரை முதலில் பார்க்கவில்லை. எப்படிப்பட்ட படம், எவ்வளவு பணம், எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்தார். சாஃப்ட்வேர் அதிலிருந்து வந்த விடை.

உங்கள் லேப்டாப் தாங்குமா?

சாஃப்ட்வேரை முடிவு செய்யும் முன் கையில் இருக்கும் கம்ப்யூட்டரையும் பார்க்க வேண்டும்.

3டிஎஸ் மேக்ஸ், சாலிட்வொர்க்ஸ் இரண்டும் விண்டோஸில்தான் ஓடும். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் கோர்ஸ் ஃபீஸ் கட்டும் முன் இதைக் கவனிக்க வேண்டும். மாயா, பிளெண்டர், ஹூடினி ஆகியவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பிளெண்டருக்கு குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது அதன் அதிகாரப்பூர்வ தளம். நிம்மதியாக வேலை செய்ய 32 ஜிபி ரேமும், 8 ஜிபி மெமரி கொண்ட கிராபிக்ஸ் கார்டும் பரிந்துரைக்கப்படுகின்றன.

கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்தால் வேகம் பல மடங்கு கூடும். ஆனால் மரம், புல், ஃபர்னிச்சர் என்று காட்சி கனமாகி கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால், வேகம் படுத்துவிடும் அல்லது ரெண்டர் பாதியில் நின்றுவிடும். கொரோனா போன்ற சில ரெண்டரர்கள் பிராசஸரை நம்பி ஓடுபவை. அதற்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குவது வீண் செலவு. எனவே முதலில் ரெண்டரர், பிறகு கம்ப்யூட்டர் என்பதுதான் சரியான வரிசை.

'ஃப்ரீ' என்றால் எல்லாமே ஃப்ரீயா?

இல்லை. இலவசத்தில் பல ரகம் உண்டு.

ஆட்டோடெஸ்க், மாணவர்களுக்கு மாயாவையும் 3டிஎஸ் மேக்ஸையும் இலவசமாகத் தருகிறது. ஒரு வருட லைசென்ஸ், தகுதி இருந்தால் புதுப்பிக்கலாம். ஆனால் அதை வைத்து காசு வாங்கி வேலை செய்யக் கூடாது. படிப்பு முடிந்து முதல் ஆர்டர் வரும் நாளில்தான் பலருக்கும் இது உறைக்கும். மாயாவின் சந்தாவோ பெரிய தொகை!

ஹூடினியின் இலவசப் பதிப்பான அப்ரென்டிஸும் கற்றுக்கொள்ள மட்டுமே. ரெண்டர் செய்த படத்தில் வாட்டர்மார்க் விழும். அதில் சேமித்த ஃபைலும் வணிகம் சாராத ஃபைல் என்ற முத்திரையுடனேயே இருக்கும். சின்ன வருமானம் உள்ளவர்களுக்கு என்று குறைந்த விலை இண்டி லைசென்ஸும் அந்த நிறுவனம் வைத்திருக்கிறது. பிரவுசரில் இயங்கும் ஸ்கெட்ச்அப் ஃப்ரீ, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஃபியூஷனின் இலவசப் பதிப்பிலும் வசதிகளுக்கு வரம்பு உண்டு.

பிளெண்டர், ஃப்ரீகேட் போன்ற திறந்த மூல சாஃப்ட்வேர்களில் இந்த நிபந்தனைகள் கிடையாது.

'கிராக் வெர்ஷன் போட்டுக்கலாமே' என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைரஸ் அபாயம் ஒரு பக்கம் என்றால், சட்டம் இன்னொரு பக்கம். திருட்டு கம்ப்யூட்டர் புரோகிராமை தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ம் ஆண்டு இந்திய காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின் கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கம்பெனியே கைவிட்டால்?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களுக்கு உயிர் கொடுத்த சாஃப்ட்வேர்களில் ஒன்று சாஃப்ட்இமேஜ். கனடாவில் 1986-ல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தயாரிப்பு. பிறகு மைக்ரோசாஃப்ட், அவிட், ஆட்டோடெஸ்க் என்று கைமாறிக்கொண்டே போனது. 2014 மார்ச்சில், அதன் மேம்பாட்டை நிறுத்தப்போவதாக ஆட்டோடெஸ்க் அறிவித்தது. அதையே நம்பி வருடக்கணக்கில் திறமை வளர்த்தவர்கள் வேறு சாஃப்ட்வேருக்கு மாற வேண்டியதாயிற்று.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2024 நவம்பரில், மோடோ என்ற 3டி சாஃப்ட்வேரின் மேம்பாட்டை நிறுத்துவதாக ஃபவுண்ட்ரி நிறுவனம் அறிவித்தது.

சந்தா முறையிலும் இதே ஆபத்து வேறு வடிவத்தில் இருக்கிறது. பணம் கட்டுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேர் திறக்காது. 3டிஎஸ் மேக்ஸில் சேமித்த ஃபைலை பிளெண்டர் நேரடியாகத் திறக்காது. 5 வருட வேலை ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தும் கைக்கு எட்டாமல் போகும்.

இதற்குத் தீர்வு உண்டா? ஓரளவு உண்டு. ஒவ்வொரு வேலை முடிந்ததும், சாஃப்ட்வேரின் சொந்த ஃபைலோடு சேர்த்து ஒரு பொது வடிவத்திலும் சேமித்து வைக்க வேண்டும். மாடலுக்கு ஓபிஜே அல்லது எஃப்பிஎக்ஸ், கேட் வேலைக்கு ஸ்டெப், 3டி பிரிண்டுக்கு எஸ்டிஎல். பெரிய காட்சிகளுக்கு யுஎஸ்டி. இதை 2016-ல் பிக்ஸார் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இப்படிச் சேமிக்கும்போது வடிவம் பத்திரமாக வந்துவிடும். மெட்டீரியல், லைட், ரிக்கிங் ஆகியவை பெரும்பாலும் முழுசாக வராது. மறுபடி கொஞ்சம் வேலை இருக்கும். ஒன்றுமே இல்லாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

பணம் கட்டும் முன் இந்த 5 கேள்விகள்

1. முடிவில் என்ன வேண்டும்? படமா, வீடியோவா, கையில் பிடிக்கும் பொருளா?

2. யாரோடு வேலை செய்யப் போகிறோம்? ஆர்க்கிடெக்ட், ஸ்டூடியோ, பட்டறை என அவர்கள் எந்த ஃபைலைத் திறப்பார்கள்? தனியாக வேலை செய்பவருக்கு மட்டுமே இதில் முழு சுதந்திரம்.

3. இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுமா? ஒரு படம் ரெண்டர் ஆக எத்தனை நிமிடம்?

4. இந்த லைசென்ஸை வைத்து சம்பாதிக்கலாமா?

5. சந்தாவை நிறுத்தினாலும், கம்பெனியே நிறுத்தினாலும், செய்த வேலை கையில் இருக்குமா?

இதற்கெல்லாம் பதில் எழுதிப் பார்த்த பிறகும் இரண்டு சாஃப்ட்வேர்களுக்கு நடுவே குழப்பமா? இரண்டின் சோதனைப் பதிப்பையும் இறக்கி, வீட்டில் இருக்கும் ஒரே பொருளை, உதாரணத்துக்கு ஒரு டம்ளர் டபராவை, இரண்டிலும் செய்து ரெண்டர் எடுத்துப் பார்க்கலாம். உருண்ட விளிம்பு, பளபளக்கும் எவர்சில்வர், உள்ளே விழும் நிழல் என மாடலிங், மெட்டீரியல், லைட் மூன்றையுமே அது சோதித்துவிடும். எதில் கை சீக்கிரம் பழகுகிறது, எதில் லேப்டாப் திணறுகிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

எதில் தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு, படம், அனிமேஷன் என்றால் பிளெண்டர், அளவு வேலை என்றால் ஃப்ரீகேட். காசு போகாது, ஃபைலும் பூட்டிக்கொள்ளாது. பிறகு வேலை கேட்கும் இடத்தில் மாயாவோ 3டிஎஸ் மேக்ஸோ தேவைப்பட்டால் மாறிக்கொள்ளலாம். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும். வெளிச்சம் எங்கே விழ வேண்டும், வடிவம் எப்படி அமைய வேண்டும் என்று பழகிய கண் மாறாது. சாஃப்ட்இமேஜில் இருந்து வெளியேறியவர்களுக்கும் கை கொடுத்தது அந்தப் பழக்கம்தான்.